மண்ணுக்குள்ளை ஒரு வேலி

நாய் மறிக்கக் கம்பி தேடி அலைஞ்ச குடும்பம் எண்டு ஊரிலை எங்களைப் பகிடி பண்ணினவை. பண்ணட்டும். மாவுக்கும் சீனிக்கும் வரிசையிலை நிக்கிற காலத்திலை, ஷெல் எந்தப் பக்கத்தாலை வரும் எண்டு தெரியாத காலத்திலை, புருசனும் பெஞ்சாதியும் வேலியடியிலை குந்தியிருந்து இந்தக் கம்பி பல்லுக்கு நிக்குமோ, அந்தக் கம்பி காலை வெட்டுமோ எண்டு கதைச்சால் ஆருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கே சில நேரம் வந்தது. ஆனால் எங்களுக்கு மறிக்க வேண்டியிருந்தது மச்சாளை. நாய் போனால் ஒருநாள் மச்சாளும் பின்னாலை போவா. போனால் திரும்பி வரமாட்டா. அந்தப் பயத்திலைதான் கம்பி தேடினது.

மச்சாள் எண்டது என்ரை மனுசனின்ரை தமக்கை. எங்கடை வீட்டுக்கு வடக்காலை ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரத்திலை, ஆமிக் காம்புக்குக் கிட்டின ஊரிலை, அவவும் அவவின்ரை மனுசனும் புகையிலைத் தோட்டம் செய்துகொண்டிருந்தவை. பிள்ளையள் இல்லை. எங்களுக்கும் இல்லை. தொண்ணூறிலை சண்டை திரும்பத் துவங்க, அந்த ஊர்ச் சனம் முழுக்க ஒரு விடியக்காலமை உடுத்த உடுப்போடை எழும்பி ஓடி வந்தது. அதுக்குப் பிறகு வடக்குப் பக்கத்திலை ஆக்கள் இருக்கிற கடைசி வீடு எங்கடை வீடுதான். எங்கடை பின்வேலிக்கு அங்காலை தரிசாப்போன தோட்டக் காணி, அதுக்கு அங்காலை பனங்கூடல், அதுக்கும் அங்காலை ஒருத்தரும் இல்லாத ஊர்.

ஓடி வரேக்கை மச்சாளும் மனுசனும் ஒரு சைக்கிளிலைதான் வந்தவையாம். சந்திக்குக் கிட்ட வந்தாப்பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்ததாம், மாட்டை அவிட்டுவிடேல்லை எண்டு. ஊரை விட்டு ஓடேக்கை நகையை மறக்கலாம், காணி உறுதியை மறக்கலாம், மாட்டை அவிட்டுவிட மறக்கக் கூடாது. கட்டின இடத்திலை மாட்டைச் சாக விட்டவன் எண்ட பேரோடை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இருக்கமாட்டினம். சைக்கிளை மச்சாளின்ரை கையிலை குடுத்து, "நீ தம்பி வீட்டை போ, நான் அவிட்டுப்போட்டு வாறன்" எண்டு திரும்பி நடந்தவர்தான். அண்டைக்கு மத்தியானம் ஆமி அந்த ஊருக்குள்ளை வந்து றோட்டை மறிச்சிட்டுது. கேக்கிற இடமெல்லாம் கேட்டுப் பாத்தம். அங்காலை ஒரு குருவியும் இல்லை எண்டுதான் எல்லாரும் மறுமொழி சொன்னவை.

ஒரு ஊர் ஆக்களில்லாமல் இருக்கிறதைக் கிட்டவிருந்து கேட்டவைக்குத்தான் அது விளங்கும். கேட்டவைக்கு எண்டுதான் சொல்லுறன். கண்ணாலை பாக்க ஒண்டும் தெரியாது, பனையள்தான் தெரியும். ஆனால் பின்னேரக் காத்து வடக்காலை அடிக்கேக்கை கதவு சாத்துப்படுற சத்தம் வரும். ஒரு கதவு சாத்தும், கொஞ்சம் பொறுத்து இன்னொரு கதவு சாத்தும், ஆரோ வீடு வீடாப் போய்ப் பாத்துக்கொண்டு வாறது போலை. ஒருநாள் கோயில் மணி ஒருக்கா அடிச்சுது, ஒருக்காத்தான். சில நாள் கிணத்துக் கப்பி கிறீச்சிடுறதும் கேக்கும். "காத்துக்கு" எண்டு இவர், என்ரை மனுசன், சொல்லுவார். காத்துக்குக் கப்பி உருளுமே எண்டு நான் கேப்பன். "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்" எண்டுவார். மச்சாள் கப்பிச் சத்தம் கேட்டால் கையிலை இருக்கிற வேலையை வைச்சுப்போட்டு நிண்டு கேப்பா.

ரெண்டு மூண்டு கிழமையாலை நாய் வந்தது. மச்சாள் வீட்டு நாய். கறுப்பு, ஒரு காது மடிஞ்சு கிடக்கும். எங்கடை பின்வேலிக்குக் கீழை மண்ணைக் கிளறி உள்ளை வந்து, குசினி வாசலிலை நிண்டு பாத்தது. மச்சாள் போட்ட சத்தத்திலை நான் ஷெல்தான் விழுந்தது எண்டு வளவிலை வெட்டியிருந்த பங்கருக்கு ஓடினன். "உது வந்திட்டுதெண்டால் அவரும் இருக்கிறார்! உது அவரை விட்டிட்டு ஒரு அடி வைக்காது!" எண்டு நாயைக் கட்டிப் பிடிச்சு அழுதா. எனக்கும் கண் கலங்கினதுதான். அண்டைக்கு இரவு அந்த நாய்க்கு எங்கடை பங்கிலையும் சோறு விழுந்தது.

அடுத்த நாள் பின்னேரம் நாய் வந்த வழியாலை திரும்பிப் போச்சுது. மைமல் பட, பொழுது நல்லா இருட்டமுதல், திரும்பி வந்தது. அதுக்கடுத்த நாளும் அப்பிடித்தான். பிறகு அது நாளாந்த வழக்கமாப் போச்சு. பின்னேரம் போகும், மைமலுக்கை வரும். வந்தால் நான் வைக்கிற கஞ்சியை மோந்தும் பாக்காது. வயிறு நிறைஞ்ச நாய் எப்பிடிப் படுக்குமோ அப்பிடி வாசலிலை நீட்டி நிமிர்ந்து படுக்கும்.

நான் அதைப் பாத்துக்கொண்டு நிக்கேக்கைதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. ஆக்களில்லாத ஊரிலை நாய்க்கு ஆர் சோறு போடுறது? அங்கை கிடக்கிறது என்ன? செத்த மாடுகள் கிடக்கும். வேறையும் கிடக்கும். கிணத்தடியிலை போய் நிண்டு ஓங்காளிச்சன். இவருக்குச் சொன்னன். அவர் "எனக்கும் அந்த யோசினை வந்தது. அக்காவுக்குச் சொல்லிப்போடாதையும்" எண்டார். அதுக்குப் பிறகு அந்த நாய் என்ரை சீலையிலை முட்டினால் எனக்கு மேல் கூசும். மச்சாளோ அதின்ரை மூஞ்சையைத் தன்ரை கன்னத்தோடை வைச்சுக்கொண்டு இருப்பா. "வயிறு நிறைஞ்சு வந்திருக்குப் பாத்தியே? அவர்தான் குடுத்திருப்பார்" எண்டு சந்தோசமாச் சொல்லுவா. நான் ஓம் மச்சாள் எண்டுவன்.

அந்த நாளையிலை அங்காலை தேங்காய் பொறுக்கப் போன ரெண்டு பேர் திரும்பி வரேல்லை. ஒருத்தருக்கு மிதிவெடி எண்டு கதை, மற்றவருக்கு ஆமியின்ரை துவக்கு வெடி எண்டு கதை. பனங்கூடலுக்குக் கிட்டவும் போகக் கூடாது எண்டு இயக்கப் பெடியளும் வந்து சொல்லிப்போட்டுப் போனவை. இதெல்லாம் மச்சாளுக்கும் தெரியும். தெரிஞ்சும் பின்னேரத்திலை வேலியடியிலை குந்தியிருந்து நாய் போற வழியைப் பாத்துக்கொண்டிருப்பா. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினா.

"பார், இது ஒவ்வொரு நாளும் ஒரே வழியாலைதான் போகுது. அந்தப் பூவரசு மட்டும் நேரை போகும், பிறகு சோத்தாங்கைப் பக்கம் திரும்பும், பிறகு வரம்பிலை. மிதிவெடி எங்கை கிடக்கெண்டு நாய்க்குத் தெரியும். அது கால் வைச்ச இடத்திலை கால் வைச்சுப் போனால் ஒருத்தருக்கும் ஒண்டும் நடவாது."

"மச்சாள், உங்களுக்கு விசரே? நாயின்ரை பாரம் என்ன, உங்கடை பாரம் என்ன?"

"நான் மெலிஞ்சுபோனன்தானே" எண்டு சிரிச்சா.

உண்மையாத்தான் மெலிஞ்சு போயிருந்தா, கைவளையல் முழங்கை மட்டும் ஏறும். அண்டைக்கே இவருக்குச் சொன்னன், நாளைக்கோ நாளையண்டைக்கோ உங்கடை தமக்கை நாய்க்குப் பின்னாலை போகப் போறா, எனக்குத் தெரியும், நாயை மறியுங்கோ எண்டு.

மறிக்கிறது லேசே? கயித்திலை கட்டினம். மச்சாள் அவிட்டுவிட்டா. சங்கிலியிலை கட்டினம். "வாயில்லாச் சீவனை ஏன் வதைக்கிறியள்" எண்டு அதையும் கழட்டிவிட்டா. வேலிக்குக் கீழை நாய் நுழையிற பொட்டைக் கல்லு வைச்சு அடைச்சால், அவவே கல்லை உருட்டி விட்டிட்டு எங்களைப் பாத்த பார்வை, அப்பா! ஆனபடியால் மறிக்கிறது அவவுக்குத் தெரியக் கூடாது. நாய் தானாப் போகாமல் விட்டமாதிரி இருக்கவேணும். முன்பக்கம் மதில், தகரப் படலை, அதாலை பயமில்லை. பின்வேலிக்குக் கீழை மண்ணுக்குள்ளை கம்பியைப் புதைச்சு விட்டால் நாய் கிளறிப் பாத்திட்டு அலுத்துப் போய் இருந்திடும். இது இவரின்ரை யோசினை. அதுக்கு என்ன கம்பி எண்டதிலைதான் எங்கடை வீட்டிலை ஒரு மாசம் போனது.

இவர் கரண்ட் கந்தோரிலை லைன்மேன். கரண்ட் நிண்டு மாசக் கணக்காச்சு. லைன்மேன் வேலை எண்டால் அறுந்து விழுந்து கிடக்கிற லைனைப் போய்ப் பாத்திட்டு வாறது. எங்கடை ஒழுங்கை முகப்பிலை பெரிய லைன் ஒண்டு ஷெல்லடியிலை அறுந்து நிலத்திலை கிடந்தது. அதை ஆரும் தொட்டால் இவருக்குக் கண் சிவக்கும். "சர்க்கார் சொத்து. நாளைக்குக் கரண்ட் வந்தால் எதிலை குடுக்கிறது?" உடுப்புக் காயப்போடக் கொஞ்சம் வெட்டித் தாங்கோ எண்டு கேட்ட அயலட்டைச் சனத்துக்கு, சுடலைக்குப் போற வழியைக் காட்டின மனுசன். கரண்ட் வரும் வரும் எண்டு கம்பி வெட்டுற குறட்டையும் கையுறையையும் துடைச்சு வைச்சுக்கொண்டு இருந்தவர். எனக்குச் சிரிப்பாயும் இருக்கும், பாவமாயும் இருக்கும்.

முதல்லை முள்ளுக்கம்பி. ஆரோ ஒருத்தரின்ரை மதிலுக்கு மேலையிருந்த பழங் கம்பி, கறள் பிடிச்சது. நான் வேண்டாம் எண்டனான். நாயின்ரை காலைக் கிழிக்கும் எண்டு சொன்னன். "ஒருக்காக் கிழிச்சால் ரெண்டாந்தரம் போகாது" எண்டு இவர் பெரிய நியாயம் கதைச்சார். மச்சாள் மா வாங்கச் சங்கக்கடைக்குப் போன நேரம் பாத்துப் பொட்டுக்குக் கீழை புதைச்சம். அண்டைப் பின்னேரம் நாய் அதைக் கிளறி, பிச்சு, கால் முழுக்க ரத்தத்தோடை போயிட்டு ரத்தத்தோடை வந்தது. மச்சாள் மஞ்சள் அரைச்சுப் பூசிக்கொண்டு, "ஆமியின்ரை கம்பிக்குள்ளாலை நுழைஞ்சு வந்திருக்கு, அவரைப் பாக்க எண்டு இந்தப் பாடு படுகுது, நான் ஒருத்தி இஞ்சை குந்திக்கொண்டு இருக்கிறன்" எண்டு தலையிலை அடிச்சு அழுதா. நாங்கள் ரெண்டு பேரும் ஆளையாள் பாக்கேல்லை. அடுத்த முறை அவ வெளிக்கிட்ட உடனை அலவாங்கைப் போட்டு அந்தக் கம்பியைக் கிண்டி எடுத்துக் கிணத்தடி வாழைக்குள்ளை எறிஞ்சன்.

பிறகு டயர்க் கம்பி. பழைய டயரை எரிச்சால் உள்ளையிருந்து வருமே, அது. உரம் எண்டால் உரம்தான். ஆனால் ஒரு நிலையிலை கிடவாது. மண்ணுக்குள்ளை வைச்சு மூடினால் விடிய ஒரு முனை வெளியிலை எட்டிப் பாக்கும். கோழிக்கூட்டு வலை போட்டுப் பாத்தம், நாய் கடிச்சே அறுத்தது. நடுவிலை இவருக்கு இன்னொரு ஞானம் பிறந்தது. அந்த நாளையிலை சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தித்தானே றேடியோ கேக்கிறது? வேலி நீளத்துக்கு மண்ணுக்குள்ளை ஒரு வயரை ஓட்டி, அதுக்கு டைனமோக் கரண்டைக் குடுத்தால் நாய் கால் வைக்கேக்கை சின்னனா ஒரு உதறல் உதறுமாம், பயந்திடுமாம். கடதாசியிலை படம் கீறிக் காட்டுறார்.

"நல்லது. நாய் எத்தினை மணிக்கு வரும் எண்டு அதிட்டைக் கேட்டு வையுங்கோ. அந்த நேரம் ஏறி மிதிக்கலாம்" எண்டன்.

"உமக்கு எல்லாம் பகிடி."

"பகிடியில்லை. உங்கடை டைனமோவிலை ஒரு நுளம்பும் சாகாது."

சண்டை பிடிச்சம். அண்டைக்கு நல்லாச் சண்டை பிடிச்சம். சத்தம் கேட்டு மச்சாள் வந்து, "ஏன் தம்பி அவளோடை கொழுவுறாய்" எண்டு இவரைத்தான் பேசினா. இவர் கடதாசியைக் கசக்கி அடுப்புக்குள்ளை போட்டிட்டு வெளியிலை போயிட்டார். திரும்பி வரேக்கை தோளிலை ஒரு வளையம். என்னெண்டு பாத்தன். ஒழுங்கை முகப்பிலை கிடந்த லைன் கம்பி. தன்ரை குறட்டாலை தானே வெட்டிச் சுருட்டிக் கொண்டு வந்திருக்கிறார். "வெளியாலை அலுமினியம், உள்ளுக்கை உருக்கு. கறள் பிடியாது, பல்லுக்கு நிக்கும், காலை வெட்டாது" எண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னார். கரண்ட் இனி வராது எண்டு இவர் ஒருநாளும் வாயாலை சொன்னதில்லை. எனக்கு அண்டைக்கு விளங்கினது. அவரிலை எனக்கு அண்டைக்கு வந்த அன்பு கலியாணம் கட்டின புதிசிலையும் வந்ததில்லை.

சங்கக்கடையிலை மா குடுக்கிற நாளிலை மச்சாளை வரிசைக்கு அனுப்பிப்போட்டு வேலையைத் துவங்கினம். வேலி நீளத்துக்கு ஒரு முழ ஆழம் வெட்டி, வேலித் தடியா நட்ட கதியாலுக்குக் கதியால் கம்பியைச் சுத்திச் சுத்தி, மேலையும் கீழையுமா நாலு வரி பின்னி மூடினம். வேர்வையும் மண்ணுமா நிமிர்ந்து பாக்கிறன், நாய் கொஞ்சம் தள்ளியிருந்து எங்களைப் பாத்துக்கொண்டிருக்குது. குரைக்கவுமில்லை, வாலாட்டவுமில்லை. "வேலிக்கு ஓணான் சாட்சி, எங்களுக்கு உவன் சாட்சி" எண்டு இவர் சொல்லிப் பாத்தார். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

அண்டைப் பின்னேரம் நாய் பொட்டடிக்குப் போய்க் கிளறினது. மண் வந்தது, பிறகு கம்பி வந்தது. வேலி நீளத்துக்கு ஒவ்வொரு இடமாக் கிளறிப் பாத்தது. பிறகு வடக்கைப் பாத்துக்கொண்டு இருந்து ஒரு சத்தம் போட்டுது பாருங்கோ, ஊளையுமில்லை, அழுகையுமில்லை. எங்கடை வளவிலை நிண்ட காகமெல்லாம் எழும்பிப் போச்சுது. நாங்கள் வெண்டிட்டம். மச்சாள் போகமாட்டா. நான் முருகனுக்குக் கற்பூரம் கொளுத்தினன், சத்தியமாக் கொளுத்தினன்.

அடுத்தடுத்த நாளும் நாய் போகேல்லை. அந்த நாளையிலைதான் வடக்குப் பக்கம் பொம்மரும் வந்து குண்டு போட்டது, ஷெல்லும் விடாமல் விழுந்தது. பங்கருக்குள்ளை இருக்கேக்கை மச்சாள் ஒரு இடத்திலை இருக்கமாட்டா. எட்டியெட்டி நாயைப் பாப்பா. சாப்பாட்டிலை கை வைக்கமாட்டா. "ஏன் போகாமல் நிக்குது? ஏன் போகாமல் நிக்குது?" எண்டு திரும்பத் திரும்பக் கேப்பா. ஷெல்லுக்குப் பயந்து நிக்குது மச்சாள் எண்டு நான் வாய் கூசாமல் பொய் சொன்னன்.

சத்தங்கள் ஓய்ஞ்ச ஒரு பின்னேரம் நான் விறகு எடுக்கப் பின்வளவுக் கோடிக்குப் போனன். மச்சாள் வேலியடியிலை நாய்க்குப் பக்கத்திலை குந்தியிருக்கிறா. கையிலை ஒரு சின்னத் துணிப் பை. கறுப்புத் துணி, நாயின்ரை நிறம். பையின்ரை வாயைச் சுருக்கி நாயின்ரை கழுத்துக்குக் கீழை, தொண்டையோடை ஒட்டிக் கட்டிக்கொண்டிருக்கிறா. என்னைக் கண்டதும் பை கையிலையிருந்து விழுந்தது. உள்ளை புட்டு. இரவுச் சாப்பாட்டுக்கு நான் அவவுக்கு வைச்ச புட்டு, பிடிச்சு உருண்டையாக்கினது.

"ஆருக்கு மச்சாள் இது?"

"ஆருக்கு? அவருக்குத்தான்."

அப்பிடியே மண்ணிலை இருந்திட்டன். நாய் வந்த ரெண்டாம் நாளிலையிருந்து ஒவ்வொரு நாளும் தன்ரை பங்கை அனுப்பியிருக்கிறா. அந்த வளையல் முழங்கைக்கு ஏறினதுக்குக் காரணம் கவலை மட்டுமில்லை.

"மச்சாள், அது நாய். எங்கையாவது உரஞ்சிப் பிச்சுத் தானே தின்னும். இல்லாட்டி வேறை நாயள் பறிச்சுத் தின்னும்."

"தின்னட்டும். நாய் திண்டிட்டுப் பைக்குள்ளை மிளகாய் வைச்சு அனுப்புமே?"

விளங்காமல் பாத்தன். அவ மடியிலை முடிஞ்சு வைச்சிருந்ததை அவிட்டுக் காட்டினா. காய்ஞ்ச பச்சை மிளகாய் கொஞ்சம். கறிவேப்பிலை நெட்டுகள். ஒரு தேசிக்காய், தோல் சுருங்கினது.

"ஒவ்வொரு நாளும் பை திரும்பி வரேக்கை ஏதோ ஒண்டு உள்ளை இருக்கும். பை கழுவியிருக்கும். அயலிலை இருந்து ஒரு சட்டி கறி வந்தால் வெறுஞ் சட்டியைத் திருப்பிக் குடுக்கிற மனுசனே அவர்? ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் குடுப்பார். உனக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியும். எங்கள் எல்லாரின்ரை வழக்கமும் அதுதான். வந்த பாத்திரம் வெறுமையாத் திரும்பிப் போகப் படாது. அந்த ஆளில்லாத ஊரிலை, கதவுகள் தானாச் சாத்துப்படுற ஊரிலை, ஒரு மனுசன் ஒளிச்சிருந்து, நாயின்ரை கழுத்திலையிருந்து பையை அவிட்டு, திண்டு, நாய்க்கும் குடுத்து, பையைக் கழுவி, பெஞ்சாதிக்கு எண்டு ஒரு மிளகாயைப் பிடுங்கி வைச்சுக் கட்டி விட்டிருக்கிறார். இந்த நாயைப் பற்றி நான் என்னென்ன நினைச்சன்!

"பிறகு ஏன் அவர் வராமல் அங்கை இருக்கிறார்?"

"கால் ஏலாமல் இருக்கும். இல்லாட்டி வந்திருப்பார். ஒரு கடதாசித் துண்டு வைக்கவும் பயந்திருப்பார், ஆமி நாயைப் பிடிச்சுப் பாத்தால் பிடிபட்டிடுவார். மிளகாயிலை என்ன கிடக்கு?"

"எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் தம்பி சும்மா இருப்பானே? அத்தானைத் தூக்கிக்கொண்டு வாறன் எண்டு வெளிக்கிடுவான். எனக்கு இருக்கிறது ஒரு தம்பி." நாயின்ரை கழுத்தைத் தடவிக்கொண்டு, "நான்தான் போகவேணும் எண்டு இருந்தனான். உங்கள் ரெண்டு பேரையும் தனிய விட மனம் வரேல்லை, அதுதான் ஒவ்வொரு நாளும் தள்ளிப் போட்டது" எண்டா.

நாங்கள் அவவை மறிக்க, அவ எங்களை மறிச்சிருக்கிறா. நான் ஒண்டும் யோசிக்கேல்லை. எழும்பிப் போய் அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்து வேலியடியை வெட்டத் துவங்கினன். கம்பி வெளியிலை வந்தது. மச்சாள் கம்பியைப் பாத்தா, என்னைப் பாத்தா. எனக்குக் கன்னத்திலை அறையப் போறா எண்டு நினைச்சன். அறைஞ்சிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவ என்ரை கையிலையிருந்து அலவாங்கை வேண்டித் தானும் வெட்டினா. இவர் வந்த நேரம் நாங்கள் ரெண்டு பேரும் அழுதழுது வெட்டிக்கொண்டு நிக்கிறம். விசயத்தைச் சொன்னன். குறட்டை எடுத்துக்கொண்டு வந்து கதியாலடியிலை பின்னினதை ஒவ்வொண்டா வெட்டினார். இவருக்குத்தான் கன நேரம் எடுத்தது. உறுதியாப் பின்னின வேலை.

அண்டைக்கு இருட்டிப் போச்சு. அடுத்த நாள் பின்னேரம் மச்சாள் புதுப் புட்டு அவிச்சு, தேங்காய்ப்பூ கூடப் போட்டு, பையைக் கட்டி விட்டா. நாய் பாய்ஞ்சு போச்சுது. பூவரசு மட்டும் நேரை, பிறகு சோத்தாங்கைப் பக்கம். மூண்டு பேரும் வேலியிலை பிடிச்சுக்கொண்டு நிண்டம். இவர் ரகசியமா என்னட்டைச் சொன்னார், இண்டைக்கு மிளகாய் வந்துதெண்டால் ஆரையாவது பிடிச்சு, கெஞ்சி, எப்பிடியாவது அத்தானை எடுப்பிக்கலாம் எண்டு.

மைமல் படமுதலே நாய் திரும்பி வந்தது. அவ்வளவு கெதியா ஒருநாளும் வந்ததில்லை. மச்சாள் கழுத்திலை கை வைச்சா. பை கனத்தது. கட்டு அவ கட்டின கட்டு. புட்டு அப்பிடியே இருந்தது.

"தோட்டப் பக்கம் நிண்டிருப்பார். நாயைக் காணேல்லைப் போலை" எண்டா. நாங்கள் ஓம் எண்டம். நாய் அண்டைக்கு நான் வைச்ச கஞ்சியைச் சட்டி நக்கிக் குடிச்சது. அங்கை அண்டைக்கு அதுக்கு ஒருத்தரும் சோறு போடேல்லை.

அடுத்த நாள் இவர் வேலைக் கந்தோருக்குப் போயிட்டார். பின்னேரம் மச்சாள் திரும்பவும் பையைக் கட்டினா. நாய் பொட்டடி மட்டும் போச்சுது. கம்பியில்லை, கல்லில்லை, மண்ணும் கிளறிக் கிடக்கு. ஒரு ஆடும் நுழைஞ்சு போகலாம், அவ்வளவு பெரிய பொட்டு. நாய் அதுக்கு முன்னாலை நிண்டு அங்காலை பாத்தது. பிறகு திரும்பி வந்து மச்சாளின்ரை காலடியிலை படுத்திட்டுது.

"போ. எழும்பிப் போ ராசா."

தலையைத் தூக்கேல்லை. மச்சாள் அதைப் பிடிச்சுத் தள்ளிக்கொண்டு போய்ப் பொட்டுக்குள்ளை விட்டா. கை எடுத்ததும் திரும்பி வந்தது. இன்னொருக்காத் தள்ளினா. திரும்பி வந்தது. இந்த நாயை மறிக்கத்தானே முள்ளுக்கம்பியிலையிருந்து சர்க்கார் கம்பி மட்டும் நாங்கள் பாத்தது. அது காலை நீட்டி, மூஞ்சையை மண்ணிலை வைச்சு, கண்ணை மட்டும் மேலை உருட்டி மச்சாளைப் பாத்தது. அங்காலை காத்துமில்லை. ஒரு கதவும் சாத்துப்படேல்லை.

மச்சாள் அதின்ரை கண்ணைக் கன நேரம் பாத்துக்கொண்டிருந்தா. பிறகு அதின்ரை கழுத்திலையிருந்து பையை அவிட்டு, அந்த இடத்திலையே இருந்து, உள்ளை இருந்த புட்டைப் பிய்ச்சுப் பிய்ச்சுத் திண்டா. எனக்கோ நாய்க்கோ ஒரு துண்டும் தரேல்லை. ஒரு தேங்காய்ப்பூ மிச்சமில்லாமல் திண்டு முடிச்சு, பையை உதறி, எழும்பிக் கிணத்தடிக்குப் போனா. மைமலுக்கை எங்கடை ஊரிலை ஒருத்தரும் முழுகமாட்டினம், சாவு கேட்டால் மட்டும்தான். வாளி விழுந்தது. கப்பி கிறீச்சிட்டுது. உடுத்த சீலையோடை தலைக்கு ஊத்தினா, திரும்பத் திரும்ப ஊத்தினா.

நான் உள்ளை போய் அவவுக்கும் எனக்கும் மாத்துச் சீலை எடுத்துக்கொண்டு வந்து, அவ வாளியை வைச்சாப்பிறகு நானும் ஊத்தினன்.

இவர் வரேக்கை நாங்கள் ரெண்டு பேரும் ஈரத் தலையோடை விறாந்தையிலை இருக்கிறம். படலையைத் திறந்துகொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தவர், எங்கடை தலையைக் கண்டிட்டு நிண்டார். தமக்கையைப் பாத்தார். பிறகு சைக்கிளை மதிலோடை சாத்தி, சேட்டைக் கழட்டிக் கொடியிலை போட்டிட்டு, கிணத்தடிக்கு நடந்தார்.